கூப்பிடு தூரத்துக்கு அப்பால்: வேல்ஸ் மலையின் மேய்ப்பு நாய்கள்

மேய்ப்பு நாய்ப் போட்டியில் நாய்க்குக் கொடுக்கப்படும் வேலை சொல்வதற்கு எளிது. முந்நூறு நானூறு கெஜம் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும் நாலைந்து செம்மறிகளைப் பின்புறமாகச் சுற்றிப் போய் மடக்க வேண்டும். அவற்றை நேராக மேய்ப்பரிடம் கொண்டுவர வேண்டும். பிறகு அவரை விட்டு விலக்கி ஓட்டிப்போய், இரண்டு தடுப்பு வாயில்களைக் கடத்தி, கடைசியில் பட்டியில் அடைக்க வேண்டும். கழுத்தில் கயிறு கிடையாது; கையில் தின்பண்டம் கிடையாது. பட்டியடைக்கும் கட்டம் வரும்வரை மேய்ப்பர் தன் கம்பத்தை விட்டு நகரவும் கூடாது. மற்றக் கீழ்ப்படிதல் போட்டிகளில் மைதானத்தில் இருப்பது மனிதரும் நாயும் மட்டுமே. இங்கே மூன்றாவதாக ஆடு இருக்கிறது. அதற்கு ஒத்திகை கிடையாது. நாய் எவ்வளவுதான் சொன்னபடி கேட்டாலும், ஆடு மிரண்டு கலைந்தால் மதிப்பெண் போகும்.

இந்தத் தொழில் பிறந்த நிலங்களில் ஒன்று வடக்கு வேல்ஸின் பாலா வட்டாரம். ஏரிக்கரையில் சிறிய ஊர்; அதைச் சூழ்ந்து புல்லும் பாறையும் சதுப்புமாக ஏறும் மலைகள். மலையடிவாரத்தில் கல்லடுக்கிய மதில்கள் உண்டு. அவற்றைத் தாண்டி மேலே போனால் பெரும்பாலும் வேலியே இல்லை. தாய் ஆடு எந்தச் சரிவில் மேய்ந்ததோ அதே சரிவைக் குட்டியும் கற்றுக்கொள்வதால், மந்தைகள் தங்கள் எல்லையில் தாமாகவே தங்கிவிடுகின்றன. வேல்ஸ் முழுவதிலும் மனிதர்கள் ஏறத்தாழ 31 லட்சம். செம்மறிகள் ஏறத்தாழ 90 லட்சம். ரோமம் கத்தரிக்கவும், மருந்துக் குளியலுக்கும், சந்தைக்கும் இந்த ஆடுகளை மேலிருந்து இறக்கியாக வேண்டும். நாற்சக்கர மோட்டார் வண்டிகள் வந்துவிட்ட பிறகும், பாறைச் சரிவிலும் சதுப்பிலும் ஆட்டுக்கு முன்னால் போய் மறிக்க நாயைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு நல்ல நாய் இருந்தால் ஒரே ஆள் ஒரு மலையை வெறுமையாக்கிவிடலாம் என்று அங்குள்ள விவசாயிகள் சொல்வது மிகையல்ல. காலை மூடுபனி விலகிய சிறிது நேரத்தில், சரிவெங்கும் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்த ஆடுகள் ஒரே ஓடையாகத் திரண்டு கீழே இறங்குவதை ஒரு பண்ணையில் பார்த்தேன். மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இந்த வேலையைச் செய்யும் பார்டர் கோலி, மந்தையைக் காக்கும் காவல் நாய் அல்ல. அது மந்தையை நகர்த்தும் நாய். ஓநாயின் வேட்டை ஒரு வரிசையில் நடக்கிறது: இரையைக் கண்டுகொள்ளுதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். இந்த வரிசையின் முன்பாதி ஓங்கி, பின்பாதி அடங்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவையே மேய்ப்பு நாய்கள் என்று உயிரியலாளர் ரேமண்ட் கோப்பிங்கர் விளக்கினார். தலையைத் தாழ்த்தி, முதுகைச் சமமாக வைத்து, கண்ணை எடுக்காமல் அடிமேல் அடி வைத்து வரும் கோலியின் முன்னால் ஆடு விலகுவது இதனால்தான். தொழிலில் இதற்குப் பெயர் ‘ஐ’, அதாவது கண். கண் குறைந்த நாய் குரைத்தும் ஓடியும் வேலை வாங்கும். கண் மிகுந்த நாயோ ஆட்டைப் பார்த்தபடியே உறைந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் மேய்ப்பர்கள் தேடுகிறார்கள்.

அந்த நடுநிலையை நிலைநாட்டிய நாய் என்று எல்லாரும் சுட்டுவது 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப். அதை வளர்த்தவர் ஆடம் டெல்ஃபர். தந்தை ராய், கண் குறைந்த, எல்லாரிடமும் பழகும் நாய். தாய் மெக், கண் மிகுந்த, கூச்ச சுபாவமுள்ள நாய். ஹெம்ப் குரைக்காமல், கடிக்காமல், தன் இருப்பாலேயே ஆட்டை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளி பெரும்பாலும் அதில்தான் போய் முடிகிறது.

போட்டி ஹெம்புக்கு முந்தையது. 1873 அக்டோபரில் பாலாவில் ரிவ்லாஸ் எஸ்டேட்டின் உரிமையாளர் ரிச்சர்ட் லாய்ட் பிரைஸ் நடத்தியதே பிரிட்டனில் ஆவணத்தில் உள்ள முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி. பத்து நாய்கள் வந்தன; முந்நூறு பேர் பார்த்தார்கள். வென்றவர் வேல்ஸில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் தாம்சன். அவருடைய நாய் ட்வீட். 1906இல் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் உருவாகி, விதிகளையும் வம்சப் பதிவேட்டையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2002இல் முதல் உலகப் போட்டி நடந்ததும் பாலாவில்தான். அதில் வேல்ஸைச் சேர்ந்த ஆலெட் ஓவன், பாப் என்ற நாயுடன் வென்றார்.

பயிற்சி, நாய்க்கு ஏதும் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதில் தொடங்குவதில்லை. அதனிடம் ஏற்கெனவே இருக்கும் விருப்பத்துக்கு ஒழுங்கு கொடுப்பதில் தொடங்குகிறது. குட்டி எட்டு மாதமோ ஒரு வயதோ ஆகி, ஆட்டைவிட வேகமாக ஓடும் பலம் வந்தபிறகே ஆட்டிடம் விடுகிறார்கள். அதற்குமுன் விட்டால் ஆட்டிடம் தோற்றுப் பழகிவிடும். சிறிய அடைப்பு ஒன்றில், நாய்க்குப் பழகிய நாலைந்து ஆடுகள் நிற்கும். நாய் அவற்றைச் சுற்றி ஓடும். பயிற்சியாளர் எங்கே நிற்கிறாரோ, ஆடுகளுக்கு அப்பால் அதற்கு நேரெதிர்ப் புள்ளியில் போய் நிற்கவே அதன் உள்ளுணர்வு தள்ளும். ஆட்டை மனிதரிடம் தள்ளிக்கொடுப்பது அதன் பிறவி ஆசை. பயிற்சியாளர் பின்னோக்கி நடந்தால் ஆடுகள் அவரைத் தொடர்ந்து வரும். அவர் பக்கவாட்டில் நகர்ந்தால் நாயும் அதற்கேற்ப நகரும். இந்தச் சமநிலையே மொத்தப் பயிற்சிக்கும் அடித்தளம்.

கட்டளைச் சொல் செயலுக்குப் பின்னால் வருகிறது. நாய் தானாகவே கடிகாரச் சுற்றில் ஓடும் நேரத்தில் ‘கம்-பை’ என்று சொல்வார்கள். எதிர்ச் சுற்றில் ஓடும்போது ‘அவே’. நின்றுகொண்டிருக்கையில் ‘லை டவுன்’. ஆட்டை நோக்கி நேராக நடக்கையில் ‘வாக் அப்’. ‘தட்ல் டூ’ என்றால் வேலை முடிந்தது, திரும்பி வா என்று பொருள். பரிசு என்று தனியாக எதுவும் இல்லை. ஆட்டோடு வேலை செய்யக் கிடைப்பதே பரிசு. தவறாகப் பாய்ந்தால் மனிதர் குறுக்கே வந்து வழியை மறிப்பார், ஆடு கிடைக்காது. நான் போயிருந்த பண்ணையில் பயிற்சியில் இருந்த இளம் பெட்டை நாய், ஆட்டுக்கு மிக நெருக்கமாக வளைந்தபோதெல்லாம் அதன் தோளை நோக்கிக் கைத்தடியை நீட்டினார் அந்த விவசாயி. தடி ஒருமுறையும் நாயைத் தொடவில்லை. வட்டம் மெல்ல அகன்றது. உடனே தடியை இறக்கிவிட்டார். திருத்தம் எந்தக் கணத்தில் நிற்கிறது என்பதில்தான் நாய் கற்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்க முடிந்தது. ஒரு அமர்வு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. நாய் இன்னும் ஆவலோடு இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடினமான பாடங்கள் இரண்டு. ஒன்று, ஆட்டை மனிதரிடமிருந்து விலக்கி ஓட்டுவது. நாயின் பிறவி ஆசைக்கு இது நேர் எதிரானது. ஆகவே எப்போதும் ஆடுகளின் முன்னால் சுற்றிப் போய் மறிக்கவே அது துடிக்கும். மாதக்கணக்கில் பக்கத்திலேயே நடந்து இதைப் பழக்குகிறார்கள். இரண்டாவது, மந்தையைப் பிரிப்பது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைக்கக் கற்ற நாய், இப்போது இரண்டு ஆடுகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் மனிதரை நோக்கிப் பாய வேண்டும். பிரிந்த பகுதியை மற்றதோடு சேரவிடாமல் தடுக்க வேண்டும்.

குரலுக்கு எல்லை உண்டு. கூப்பிடு தூரத்துக்கு அப்பால் வேலை வாங்குவது விசில்: மடித்த உலோகத் தகடு, நடுவில் ஓட்டை, நாக்கின் மேல் வைத்து ஊதுவது. காற்றடிக்கும் மலையிலும் அதன் ஒலி அரை மைலுக்கு மேல் போகும். அதைவிட முக்கியம், மனிதரின் கோபமும் பதற்றமும் குரலில் தெரிகிற அளவுக்கு விசிலில் தெரிவதில்லை. தேர்ந்தவர்கள் நீட்டியும் குறுக்கியும் ஊதி, ‘போ’ என்பதையே ‘மெதுவாகப் போ’ என்றும் ‘விரைந்து போ’ என்றும் மாற்றிவிடுகிறார்கள். ஒருவரிடம் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஒலிகள். ஒன்றுக்கு ஊதினால் மற்றது அசையாது.

போட்டித் திடலின் கணக்கு இந்த மலைவேலையை அப்படியே பின்பற்றுகிறது. வழக்கமான திறந்த போட்டியில் ஒரு நடுவரிடம் மொத்தம் 100 மதிப்பெண். ‘அவுட்ரன்’ எனப்படும் சுற்றோட்டத்துக்கு 20, ஆட்டைக் கிளப்புவதற்கு 10, கொண்டுவருவதற்கு 20, ஓட்டிச் செல்வதற்கு 30, பட்டியடைக்க 10, பிரிக்க 10. நடுவர் மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை. முழு எண்ணில் தொடங்கிப் பிழைக்குப் பிழை கழிக்கிறார். சுற்றோட்டம் பேரிக்காய் வடிவில் இருக்க வேண்டும்: அடியில் குறுகி, ஆடுகளை நெருங்க நெருங்க அகன்று, அவற்றுக்குத் தெரியாமல் பின்னால் போய் முடிவது. நாய் திடலைக் குறுக்கே வெட்டிப் போனால் பெரிய இழப்பு. வழியில் ஒவ்வொரு கூடுதல் கட்டளைக்கும் கழிவு உண்டு, ஏனென்றால் இந்தப் பகுதியை நாய் தன் அறிவால் செய்ய வேண்டும். கடித்தால் உடனே வெளியேற்றம்.

பார்வையாளர்கள் பட்டியடைப்பதற்குக் கைதட்டுகிறார்கள். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் மூச்சைப் பிடித்துப் பார்ப்பது அந்த 10 மதிப்பெண் கிளப்பலைத்தான். அது சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை இருக்கிறது. நாய் அதற்கு வெளியே நின்றால் ஆடு மேய்ந்துகொண்டே இருக்கும். திடுமென உள்ளே நுழைந்தால் சிதறி ஓடும். எல்லையின் விளிம்பைத் தொட்டு நின்றால் ஆடு தலையைத் தூக்கி, திரும்பி, நடக்கத் தொடங்கும். அந்த முதல் சந்திப்பில் ஆடு நாயை நம்புகிறதா பயப்படுகிறதா என்பது தீர்மானமாகிவிடுகிறது. மீதிப் பதினைந்து நிமிடமும் அதன் விளைவே. பாலாவுக்கு அருகே பார்த்த ஒரு சுற்றில், வெல்ஷ் மலையாடு ஒன்று திரும்ப மறுத்து நாயை எதிர்த்து நின்று முன்காலால் தரையைத் தட்டியது. நாய் பின்வாங்கவில்லை, முன்னே பாயவும் இல்லை. மேய்ப்பரும் விசிலை வாயில் வைத்தபடி பேசாமல் இருந்தார். ஒரு அடி, பிறகு நிறுத்தம், இன்னொரு அடி. ஆடு திரும்பியது. இந்தக் கலை முழுவதும் அந்த இரண்டு அடிகளில் அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த நேரத்தில் விசில் ஊதியிருந்தால் ஆடு ஓடியிருக்கும்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லின் எல்லை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. மேட்டுக்கு அப்பால் நாயும் ஆடும் மறைந்துவிட்ட நேரத்தில் மேய்ப்பருக்கு எதுவும் தெரியாது, நாய்க்குத் தெரியும். அப்போது தவறான பக்கம் விசில் வந்தால், நல்ல நாய் ஒரு கணம் தயங்கி, ஆடு தப்பாத பக்கத்தில் போகும். சொன்னதை மட்டும் செய்யும் நாய் திடலில் அழகாக இருக்கும், மலையில் ஆட்டை இழக்கும். சொன்னதைக் கேட்காத நாயோ எங்கும் பயன்படாது. கட்டளை மேல் கட்டளையாகக் கொட்டி மதிப்பெண் சேர்க்கும் போக்கு இன்றைய போட்டிகளில் இருப்பதைப் பழைய மேய்ப்பர்கள் கண்டிக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது; சுற்றோட்டத்தில் கட்டளைக்குக் கழிவு என்ற விதி அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து அணிகள் மோதும் ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்று எல்லாவற்றிலும் கடினம். பத்துப் பத்தாக இரண்டு கூட்டங்கள் திடலின் இரு மூலைகளில், ஒன்றுக்கொன்று கண்ணில் படாத தொலைவில் நிற்கும். முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து நடுவில் விட்டுவிட்டு, ‘லுக் பேக்’ என்ற கட்டளையில் நாய் கையில் இருப்பதைத் துறந்து திரும்பி ஓட வேண்டும். தன் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது கூட்டத்தை மேய்ப்பரின் சொல்லை நம்பித் தேட வேண்டும். இருபதையும் சேர்த்து ஓட்டிய பின், கழுத்துப்பட்டை கட்டிய ஐந்தை மட்டும் நிறுத்தி, மற்றப் பதினைந்தையும் பிரித்தனுப்பி, அந்த ஐந்தைப் பட்டியில் அடைக்க வேண்டும். 1965இல் கார்டிஃபில் இதை வென்ற விஸ்டன் கேப், அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத நாய். அதன் குட்டிகளுக்கு இருந்த கிராக்கியால் அந்த வம்சம் எங்கும் பரவியது. ஒரே ஆண் நாயை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் பரம்பரை நோய்களும் சேர்ந்து பரவும் என்பதால், கண் நோய்களுக்கான பரிசோதனையைச் சங்கம் கவனமாக நடத்துகிறது.

1976இல் பிரிட்டனின் கென்னல் கிளப் பார்டர் கோலியைக் கண்காட்சி இனமாக ஏற்றது. அங்கே உருவமும் ரோமமும் அளவுகோல். மேய்ப்பு நாய்ச் சங்கத்தின் பதிவேட்டுக்கோ தோற்றம் ஒரு பொருட்டல்ல; வம்சச் சான்று இல்லாத நாயும் ஆட்டின் முன்னால் தகுதியைக் காட்டினால் அதில் இடம் பெறலாம். நீண்ட ரோமம், குட்டை ரோமம், நிமிர்ந்த காது, மடிந்த காது எல்லாம் ஒரே ஏட்டில் இருப்பது அதனால்தான். சந்தையும் இந்த அளவுகோலையே மதிக்கிறது. பாலாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத டோல்கெத்லாய் ஏலக் கூடத்தில் நாய்களை விற்பதற்கு முன் ஆட்டோடு வேலை செய்ய விட்டுக் காட்டுகிறார்கள். இப்போது அதைக் காணொளியிலும் பார்த்து வாங்குகிறார்கள். 2021இல் அங்கே நடந்த இணையவழி ஏலத்தில், கிம் என்ற ஒரு வயதுப் பெட்டை நாய் 27,100 பவுண்டுக்கு விலைபோனது.