நாற்பது நாள் விருந்தாளி

மார்கழி பிறந்துவிட்டால் நமது ஊர்களில் விடியற்காலையில் ஒரு வேடிக்கையைக் காணலாம். பால் வாங்கப் புறப்படும் பெரியவர்கள் காது மறைய மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று நடுங்கிக்கொண்டே போவார்கள். உஷ்ணமானியைப் பார்த்தாலோ, அது 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கிக்கொண்டிருக்கும். அதே மார்கழி முதல் வாரத்தில், நமது தேசத்தின் வடகோடியிலுள்ள காஷ்மீரத்தில் ஒரு பெரிய விருந்தாளி வந்து இறங்குகிறார். வந்தால் நாற்பது நாள் தங்காமல் போவதில்லை. அவர் திருநாமம் 'சில்லாய் கலான்'.

டிசம்பர் 21-ந் தேதி தொடங்கி ஜனவரி மாத முடிவு வரையில் உள்ள கடுங்குளிர் காலத்துக்குத்தான் இந்தப் பெயர். 'பெரிய நாற்பது' என்று பொருள் கொள்ளலாம். அவர் விடைபெற்றதும் தம்பியாகிய 'சில்லாய் குர்த்' 20 நாளும், குழந்தையாகிய 'சில்லாய் பச்சா' 10 நாளும் தங்குவார்கள். ஆக மொத்தம் 70 நாள் விருந்து!

இவர்களை நேரில் தரிசிக்கும் ஆவலால் அரைப் பரீக்ஷை விடுமுறையில் நான் ஸ்ரீநகருக்குப் பிரயாணமானேன். பீர் பஞ்சால் மலைத்தொடர் காஷ்மீரப் பள்ளத்தாக்கின் தெற்கே மதில்போல் நிற்கிறது. 1956-ல் பானிஹால் சுரங்கப்பாதை திறக்கப்படுவதற்கு முன், கணவாயில் பனி மூடினால் பாதையும் மூடியது. 2021-ல் சுமார் எட்டரை கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ரயிலும் ஓடுகிறது. இவ்வளவு இருந்தும், பெரும்பனி பொழிந்தாலும் மலை சரிந்தாலும் நெடுஞ்சாலை சில சமயம் அடைபடத்தான் செய்கிறது.

ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஓர் இரவு அங்கே உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8.4 டிகிரிக்குச் சென்றது. இத்தகைய நாட்களில் தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்துவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. குழாயைச் சுற்றிச் சிறிது நெருப்பு மூட்டி, உள்ளே உறைந்ததை உருக்கிய பிறகே காலைக் காரியங்கள் ஆரம்பமாகும். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறையைவிடக் குளிர்கால விடுமுறைதான் பெரிது. வெயிலுக்குப் பயந்து பள்ளியை மூடும் நாட்டிலிருந்து சென்ற உபாத்தியாயருக்கு இது பெரிய ஆச்சரியமாயிருந்தது.

என்னை உபசரித்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், "இந்தக் குளிரை எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "குளிர் காலத்தில் சமாளிப்பதற்கு என்ன இருக்கிறது? அதெல்லாம் கோடையிலேயே முடிந்துவிட்டதே!" என்றார்.

அவருடைய வீட்டு உக்கிராணத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிற்று. கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி, டர்னிப் ஆகியவற்றை நறுக்கி, வெயிலில் உலர்த்தி, மாலை மாலையாகக் கோத்து வைத்திருந்தார்கள். நமது பாட்டிமார்கள் மொட்டை மாடியில் வற்றல் போடுவது நாக்கின் ருசிக்காக. காஷ்மீரத்துப் பாட்டிமார்கள் போட்டதோ, பாதை அடைபட்டாலும் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக. இலையுதிர் காலத்தில் சினார் மரங்களின் செந்நிற இலைகள் உதிர்ந்து குவியும். பிரயாணிகள் அதைப் படம் பிடிப்பார்கள். ஊர்ப் பெண்களோ இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீயிட்டு, தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டிவிடுவார்கள்.

அந்தக் கரிதான் 'காங்கிரி'க்கு ஆகாரம். காங்கிரி என்பது ஒரு மண்சட்டி; அதைச் சுற்றி மெல்லிய மிளார்களால் கூடை பின்னி, கைப்பிடியும் வைத்திருப்பார்கள். நீறு பூத்த தணலை அதில் இட்டு, 'பெரன்' என்னும் தொளதொளத்த நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். பாட்டனும் அணிவது பெரன், பேரனும் அணிவது பெரன்! தெருவில் நடப்பவர்களுக்கெல்லாம் தொந்தி விழுந்திருப்பதைக் கண்டு முதலில் நான் அதிசயித்தேன்; அது காங்கிரி என்று பிறகுதான் தெரிந்தது. வசதியுள்ள வீடுகளிலும் மசூதிகளிலும் 'ஹமாம்' உண்டு. கல் பாவிய தரைக்கு அடியில் விறகு எரியும். மேலே தரை முழுவதும் இதமாயிருக்கும். குடும்பம் முழுவதும் அந்த ஓர் அறையில்தான் கூடும். குளிர் மனிதர்களை ஒருவருக்கொருவர் நெருங்கி உட்காரச் செய்துவிடுகிறது.

ஆயினும் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு வாழ்வது ஆபத்தில்லாத காரியமா? பல ஆண்டுகள் காங்கிரியின் சூடு பட்ட இடத்தில் ஒருவிதப் புற்றுநோய் உண்டாவதைப் பற்றி, எல்ம்ஸ்லி என்ற வைத்தியர் 1866-லேயே எழுதியிருக்கிறார். ஜன்னல்களை இறுக மூடிய அறையில் கரி புகைந்தால் எழும் விஷ வாயு, உறங்குபவர்களை எழுந்திராமலே செய்துவிடும்.

"இத்தனை கஷ்டம் தரும் பனியே இல்லாதிருந்தால் நல்லதல்லவா?" என்று கேட்டுவிட்டேன். ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாதீர்கள். நாங்கள் பயப்படுவது பனிக்கல்ல, பனி பெய்யாத தைக்குத்தான்" என்ற கருத்துப்பட அவர் விளக்கினார்.

நமக்கு வங்கக் கடலிலிருந்து ஐப்பசி மழை வருவதுபோல, அவர்களுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேற்குக் காற்றோடு பனி வருகிறது. பெரிய நாற்பதில் பொழியும் பனி, குளிரில் இறுகி மலைமேல் தங்கிவிடும். கோடை முழுவதும் சிறிது சிறிதாக உருகி ஜீலம் நதிக்கும் ஊற்றுக்களுக்கும் நீர் அளிப்பது அதுதான். பிப்ரவரியில் தாமதித்துப் பெய்வது சீக்கிரம் கரைந்தோடிவிடும். காஷ்மீரத்தாரும் நம்மைப்போல் சோறு உண்பவர்கள். பனி தவறினால் நெல்வயல் தவறும்.

சமீப காலத்தில் விருந்தாளியின் நடத்தை மாறிவருகிறது. 2019 நவம்பரில், இலைகள் உதிருமுன்பே பெரும்பனி பெய்துவிட்டது. பாரம் தாங்காமல் எண்ணற்ற ஆப்பிள் மரங்கள் முறிந்தன. 2024 ஜனவரியிலோ, பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன குல்மர்க், மாதத்தின் பெரும்பகுதி பனியின்றி வறண்டு கிடந்தது. லிட்டர் நதிக்கு உயிரூட்டும் கோலஹோய் பனியாறும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது.

ஆகையினால்தான் அந்த ஊரில் முதற் பனி விழும் நாள் ஒரு பண்டிகையாகிறது. ஒரு துணுக்குப் பனியை எதிலாவது மறைத்து நண்பன் கையில் கொடுத்து ஏமாற்றுவது அங்கே ஒரு பழைய வழக்கம். அறியாமல் வாங்கிக்கொண்டவன் விருந்து வைக்க வேண்டும். ஏமாந்தவனும் சந்தோஷமாகவே விருந்து வைக்கிறான். அடுத்த ஆண்டு அடுப்பில் உலை கொதிக்கும் என்பதற்கு அவன் கையில் உருகுகிற அந்தத் துணுக்குத்தானே அத்தாட்சி!