கோடு போட்ட செலீன்

பழைய செலீன் கைப்பை வாங்குகிறவர்கள் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்பே ஒன்றைத் தேடுவார்கள். கைப்பிடிக்குக் கீழே பொடி எழுத்தில் பதித்த பெயரில், இரண்டாவது எழுத்தின் தலைமேல் சாய்வாக ஒரு சின்னக் கோடு இருக்கிறதா என்று. இருந்தால் அது 2018 செப்டம்பருக்கு முந்தைய சரக்கு. பிரெஞ்சில் அந்தக் கோட்டுக்கு உச்சரிப்பைக் காட்டுவது ஒன்றுதான் வேலை. தமிழில் எழுதினால் கோடு இருந்தாலும் செலீன்தான், இல்லாவிட்டாலும் செலீன்தான். ஆனால் பேஷன் உலகின் உள்வட்டம் எட்டு வருஷம் சீருடைபோல அணிந்த உடுப்புக்கு இன்று அந்தக் கோடுதான் பிறப்புச் சான்றிதழ்.

சீருடை என்பது மிகைப்பேச்சு இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்று நான்கு நகரங்களில் ஒரு மாதம் தொடர்ந்து பேஷன் ஷோக்கள் நடக்கும். பத்திரிகை ஆசிரியர்கள், ஸ்டைலிஸ்டுகள், விமர்சகர்கள், பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர்கள் என்று ஒரே கூட்டம் ஊர் ஊராகப் போகும். அடுத்த பருவத்துக்கு உலகம் என்ன உடுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்வது இவர்கள் பிழைப்பு. எதை வேண்டுமானாலும் உடுத்தக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர்கள் 2010க்குப் பிறகு வரிசை வரிசையாக எதில் உட்கார்ந்திருந்தார்கள்? தொளதொள பேன்ட், வெள்ளைச் சட்டை அல்லது கழுத்தை மூடும் ஸ்வெட்டர், தோளிலிருந்து நேராக இறங்கும் கோட், தட்டையான ஷூ. மடியில் அந்தப் பை.

கல்யாண வீட்டில் இரண்டு பேர் ஒரே புடவையில் எதிரெதிரே வந்துவிட்டால், ஒருத்தியாவது அன்று சாயங்காலம்வரை தூண் மறைவிலேயே நிற்பாள். இங்கே நடப்பது நேர்மாறு. எதிரே வருபவரும் அதையே உடுத்தியிருப்பதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

இது செலீனோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. 1981-ல் ஜப்பானிய டிசைனர்கள் ரேய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸில் தங்கள் துணிகளை முதன்முதலாகக் காட்டினார்கள். கறுப்பு, இன்னும் கறுப்பு, உடம்போடு ஒட்டாத வெட்டு. கவாகுபோவின் கோம் தே கார்சோன் நிறுவனம் அடுத்த வருஷமே வேண்டுமென்றே ஓட்டை விட்டுப் பின்னிய ஸ்வெட்டரைக் காட்டியது. ஜப்பானில் இவற்றை உடுத்திய இளைஞர்களுக்குக் 'காக்கைக் கூட்டம்' என்றே பட்டப்பெயர். கொஞ்ச காலத்தில் பாரிஸ், நியூயார்க் ஷோக்களின் வாசலிலும் அதே கூட்டம் கறுப்பில் நின்றது. மூத்த விமர்சகர் சூசி மென்கெஸ் 2013 பிப்ரவரியில் எழுதிய ஒரு கட்டுரையில் அதை நினைவுபடுத்தினார்: ஒருகாலத்தில் எங்களைக் கறுப்புக் காக்கைகள் என்பார்கள், இப்போது வாசலில் நிற்பவை புகைப்படக்காரர்களுக்காகத் தோகை விரிக்கும் மயில்கள். மயில்கள் வாசலை எடுத்துக்கொண்ட அதே வருஷங்களில்தான் உள்ளே இருந்தவர்கள் செலீனுக்குள் புகுந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செலீன் 1945-ல் பாரிஸில் குழந்தைகளுக்கு அளவெடுத்து ஷூ தைக்கும் கடையாகத் தொடங்கியது. செலீன் விபியானா என்ற பெண்மணி தொடங்கியதால் அந்தப் பெயர். 1996-ல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனது. பணக்காரப் பெயர்தான், ஆனால் யாரும் அதற்காகத் தூக்கம் தொலைக்கவில்லை. 2008-ல் டிசைனர் ஃபீபி ஃபைலோவை அழைத்து வந்தார்கள். பாரிஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர். க்ளோயே நிறுவனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று 2006-ல் வேலையை விட்டவர். பாரிஸ் நிறுவனத்துக்காக அவர் லண்டனைவிட்டுக் கிளம்பவில்லை. டிசைன் ஸ்டூடியோ அவர் இருந்த ஊருக்கு வந்தது.

க்ளோயேயில் அவர் காலத்தில் பிரபலமான பேடிங்டன் பையில் நிஜமான பெரிய பூட்டு ஒன்று தொங்கும். சும்மா தூக்கினாலே கை வலிக்கும் கனம். தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் அது என்ன பை என்று தெரியும். செலீனுக்கு வந்தபின் அந்தச் சத்தத்தையெல்லாம் அடக்கிவிட்டார். லக்கேஜ் என்ற பையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். முன்பக்கத்தில் வளைந்த தையல், நடுவே ஒரு ஜிப். இரண்டு பக்கமும் தோல் காதுபோல விரிந்திருக்கும். பார்க்கப் பார்க்க அது ஒரு முகமாகிவிடும். கொஞ்சம் உம்மென்ற முகம். பெயர் எங்கே என்று தேடினால்தான் அந்தப் பொடி எழுத்தும் கோடும் கண்ணில் படும். தெரிந்தவருக்கு இருபதடி தள்ளியே தெரியும், தெரியாதவருக்கு அது வெறும் தோல் பை. விலை மட்டும் ஓர் இளம் பத்திரிகையாளரின் மாதச் சம்பளத்தை ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடியது.

அந்த மௌனத்துக்குத்தான் காசு. ஜெர்மானிய சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1904-லேயே பேஷனைப் பற்றி எழுதும்போது, மற்றவர்போல் இருக்கும் ஆசையும் மற்றவரிடமிருந்து விலகும் ஆசையும் ஒரே துணியில் நிறைவேறுகின்றன என்றார். செலீன் அணிந்த ஆசிரியருக்கு விலக வேண்டியது தெருவிலிருந்து, சேர வேண்டியது பக்கத்து நாற்காலியோடு. லோகோ பெரிதாக இருந்தால் தெருவுக்கும் புரிந்துவிடும். அதனால்தான் உள்வட்டத்துக்கு எப்போதுமே கத்துகிற பிராண்டுகளைவிட முணுமுணுக்கிற பிராண்டுகள் மேல்.

முணுமுணுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு செருப்பு சாட்சி. 2013 கோடைக்கான ஷோவில் ஃபைலோ இரட்டை வார் போட்ட தட்டைச் செருப்பை மேடையில் விட்டார். பிர்க்கென்ஸ்டாக் சாயல் அப்படியே தெரிந்தது. உள்ளே மட்டும் பாதம் படுமிடத்தில் மிங்க் ரோமம். முதலில் சிரித்தவர்கள் உண்டு. அடுத்த கோடையில் அசல் பிர்க்கென்ஸ்டாக்கே பத்திரிகைக்காரர்கள் காலில் ஏறிவிட்டது. 1774 முதல் செருப்புத் தொழிலில் இருக்கும் ஜெர்மானியக் குடும்பம், அதுவரை பேஷன்காரர்களின் கேலிக்குரியது. 2021-ல் அதன் பெரும்பங்கை வாங்கியது எல்விஎம்எச்சின் ஆதரவோடு இயங்கும் எல் கேட்டர்டன் என்ற முதலீட்டு நிறுவனம். சாயல் எடுத்த குழுமத்தின் பணமே அசலை வாங்கியது.

எல்லாம் ரசனை என்று சொன்னால் பாதிதான் உண்மை. இந்தத் தொழிலில் பத்திரிகையாளர்களுக்குத் தள்ளுபடி உண்டு, பரிசாக வந்து இறங்கும் பைகளும் உண்டு. விளம்பரம் தரும் நிறுவனத்தை உடுத்திக்கொண்டு அதன் ஷோவுக்குப் போவது ஒருவகை மரியாதை. ஆனால் ஓசிப் பை எல்லா நிறுவனங்களிலிருந்தும்தான் வருகிறது. சொந்தக் காசைக் கொடுத்துச் செலீன் வாங்கியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து ஷோக்கள் ஓடுகிற பெண்ணுக்கு நடக்க முடிகிற காலணியும், கை விட முடிகிற பாக்கெட்டும், உட்கார்ந்தால் ஏறாத உடுப்பும் வேண்டும். ஷோ முடிந்து கும்பிட வந்த ஃபைலோவே காலில் வெள்ளை ஸ்டான் ஸ்மித் டென்னிஸ் ஷூ போட்டிருந்தார். மாடலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த நேர்மைக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள்.

2015 ஜனவரியில் வெளிவந்த விளம்பரம் இதன் உச்சம். யூர்கன் டெல்லர் எடுத்த படம். கறுப்பு ஸ்வெட்டரும் முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக எழுத்தாளர் ஜோன் டிடியன். வயது எண்பது. இளம்வயதில் வோக் பத்திரிகையில் வேலை பார்த்தவர். பை கண்ணில் படவேயில்லை. அன்று இணையம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. ஆனால் துணி வாங்க நேராகக் கடைக்குப் போக வேண்டும். ஃபைலோவின் செலீன் அப்போது இணையத்தில் எதுவும் விற்கவில்லை.

2017 டிசம்பரில் அவர் விலகுகிறார் என்ற செய்தி வந்தது. ஒரு மாதத்தில் எடி ஸ்லிமானை நியமித்தார்கள். ஒல்லியான உடலுக்கு ஒல்லியான கறுப்பு சூட் தைத்துப் பெயர் வாங்கியவர். 2018 செப்டம்பரில் அவர் முதலில் செய்தது பெயரின் மேலிருந்த கோட்டை எடுத்ததுதான். 1960களில் நிறுவனத்தின் பெயர் பல இடங்களில் கோடில்லாமல்தான் இருந்தது என்று விளக்கமும் வந்தது. அந்த மாதக் கடைசியில் நடந்த ஷோவில் ஆளை இறுக்கும் சூட்டும் குட்டைக் கவுனும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்று விமர்சகர்கள் பொரிந்தார்கள். சீருடையைப் பறிகொடுத்த கோபமும் அதில் கலந்திருந்தது என்று சொன்னால் தப்பில்லை. 'பழைய செலீன்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி ஃபைலோ காலத்துப் படங்களைச் சேர்த்தார்கள்.

கூட்டம் அப்படியே நிற்குமா? ஃபைலோவிடம் வேலை பார்த்த டேனியல் லீ போத்தேகா வெனெத்தா நிறுவனத்துக்குப் போனார். 2019 முடிவதற்குள் அதே வரிசைகளில் சதுர மூக்குச் செருப்பும் பருமனாகப் பின்னிய தோல் பையும் வந்துவிட்டன. அதிலும் பெயர் வெளியே இல்லை. 2023 அக்டோபர் 30 அன்று ஃபைலோ தன் பெயரிலேயே கடை திறந்தார். இணையத்தில் விற்க மறுத்தவர், இந்த முறை இணையத்தில் மட்டும். பல உருப்படிகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன.

ஸ்லிமான் 2024-ல் விலகினார். அவர் இடத்துக்கு வந்த மைக்கேல் ரைடர், ஃபைலோவின் கீழ் அதே செலீனில் வேலை பார்த்தவர். செகண்ட் ஹேண்ட் கடைகள் இந்தப் போக்குவரத்துக்காகக் காத்திருக்கவில்லை. வழக்கமாகப் 'பழைய' என்ற சொல் சேர்ந்தால் விலை இறங்கும். செலீன் பைகளுக்கு மட்டும் விற்பவர்களே அதைப் பெயருக்கு முன்னால் போட்டு, படத்தில் கோடு தெளிவாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்துப் போடுகிறார்கள்.