உப்பின் வெளிச்சம்

தூத்துக்குடியில் மணவிழாக்களுக்குப் படமெடுத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒளிப்பட நிலைய உரிமையாளர் ஒருவர், உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கருவிக்கு மாறியபோது, தம் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விற்க முன்வந்தார். 16,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கிச் சென்ற இளைஞன், நகருக்குப் புறத்தே உள்ள உப்பளம் ஒன்றில் உப்பு வாரும் பெண்ணின் மகன். சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் இடத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பத்து மாதச் சேமிப்பு அத்தொகை. வீட்டில் அதைச் செலவென்று யாரும் குறை கூறவில்லை. பயன் என்னவென்று மட்டும் கேட்டார்கள். அவனால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

விடை அவனிடம் இல்லாமலில்லை. அவன் தாயின் உருவம் பதிந்த படங்கள் அந்த வீட்டில் மூன்றே இருந்தன. ஒன்று திருமணத்தின்போது எடுத்தது. மழைநீர் இறங்கி, பாதி முகம் மட்டும் எஞ்சியிருந்தது. மற்றவை குடும்ப அட்டையிலும் வாக்காளர் அடையாள அட்டையிலும் இருந்தவை. உப்பளத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த ஒருவரை உப்பளத்தில் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. வெண்பாத்திகளின் கூசொளியால் கண்ணும், உவர்நீரில் நின்று நின்று காலும் தளர்ந்துபோக, அந்தப் பருவத்தோடு வேலையை நிறுத்திக்கொள்வதென்று அவர் முடிவு செய்திருந்தார். அப்போது ஆனி மாதம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். உப்புக் குவியல்கள் ஓலையாலும் தார்ப்பாயாலும் மூடப்படும். அவ்வாண்டின் உப்பு அத்துடன் முடியும். மகனுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தன.

கையிலிருக்கும் கைப்பேசியே போதாதா என்று கேட்கத் தோன்றும். அவனும் முதலில் அதைத்தான் நம்பினான். ஆனால் அவனுடைய கைப்பேசி, எடுத்த படத்தைக் காட்டுவதற்குள் தானாகவே அதைத் திருத்திவிடும். தாயின் கன்னத்துச் சுருக்கங்களும், உப்பு அறுத்த விரல்நுனி வெடிப்புகளும் அப்படங்களில் மெழுகிவிட்டதுபோல் மறைந்திருந்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் இருபத்தாறு ஆண்டுகளை அழித்துவிட்ட அழகு அது. திருத்தாமல் காட்டும் கருவி ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது.

டி.எஸ்.எல்.ஆர். கருவியின் அமைப்பு எளியது. லென்ஸின் வழியே வரும் ஒளியை, சாய்வாக நிற்கும் சிறு கண்ணாடி ஒன்று மேலே திருப்புகிறது. அங்குள்ள ஐங்கோண அமைப்பில் பட்டுத் திரும்பி அது கண்ணை அடைகிறது. ஆகவே, லென்ஸ் காண்பதையே படமெடுப்பவரும் காண்கிறார். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி பின்னாலுள்ள உணரியில் விழுகிறது, ஷட்டர் மூடக் கண்ணாடி மீண்டும் இறங்குகிறது. ‘டக்’ என்று கேட்கும் ஓசையில் பெரும்பங்கு அக்கண்ணாடியினுடையது. கண்ணாடி எழுந்துநிற்கும் அந்த நொடிப்பொழுது பார்வைத்துளை இருண்டுவிடும். எந்தக் கணம் படமாகப் பதிகிறதோ, அந்தக் கணத்தை மட்டும் படமெடுப்பவர் காண்பதில்லை. சற்று முன்பு கண்டதை நம்பி அழுத்துகிறார். பின்பு பதிந்ததைப் பார்த்துக்கொள்கிறார்.

இக்கருவிகள் இன்று எளிதாகக் கைக்கு வருவதைக் காண்போர் இவற்றின் இளமைக் காலத்தை எண்ணுவதில்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் எண்முறைக் கேமரா, 0.01 மெகாபிக்சல் அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகளை எடுத்துக்கொண்டது. 1991இல் அதே நிறுவனம், நிக்கான் எஃப் 3 கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் உணரியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வாங்கியவர், படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் சுமக்க வேண்டியிருந்தது.

கருவியை வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அளத்தின் மேற்பார்வையாளரிடம் இசைவு பெற்று, முற்பகல் பத்து மணியளவில் அவன் பாத்தி வரப்பில் நின்றான். திருகியைப் பச்சை நிற ‘ஆட்டோ’ குறியில் வைத்து நாற்பது படங்கள் எடுத்தான். இரவில் ஒரு மடிக்கணினியில் அவற்றைத் தாய்க்குக் காட்டினான். உப்பு, சலவைக்குப் போகவேண்டிய வேட்டியின் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அதன் நடுவே, தலையில் முண்டாசு கட்டிய கரிய நிழல் ஒன்று நின்றது. கண்ணில்லை, மூக்கில்லை.

“எய்யா, இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார் தாய்.

கேலியாக அவர் அதைச் சொல்லவில்லை, உண்மையிலேயே தேடினார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் புடைவையின் கரையைக்கொண்டு அடையாளம் கண்டார். தம்மை அப்படியும் காணமுடியவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது? கேமராவினுள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே நிற்பது உப்பா, கரியா, மனிதரா என்று தெரியாது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்றையே அது உலகின் சராசரி எனக் கொள்கிறது. மரமும் மண்ணும் சுவரும் கலந்த காட்சியில் இக்கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். உப்பளத்தில் பொருந்தாது. எங்கும் வெண்மையைக் கண்ட கருவி, ஒளி மிகுந்துவிட்டதென்று கருதிக் குறைத்துவிட்டது. வெள்ளை உப்பு சாம்பலாயிற்று. முன்பே கறுத்திருந்த முகம் இருளாயிற்று. பனிபடர்ந்த மலைகளில் படமெடுப்போர்க்கும் நேர்வது இதே பிழைதான்.

ஒளிப்பட வரலாற்றில் இதனோடு ஒப்பிடத்தக்க பிழை ஒன்று உண்டு. அது அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. படச்சுருள் காலத்தில், அச்சிடும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்ட மாதிரிப் படத்தைப் பயன்படுத்தின. அதில் இருந்தவர் வெள்ளைநிறப் பெண். அவர் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்பது வழக்கம். கரிய தோலுடையோர் அப்படங்களில் விவரமின்றி இருண்டனர். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதனை விரிவாக ஆராய்ந்தவர். கரிய மரத்தாலான அறைகலன்களைச் செய்தோரும் சாக்லேட் செய்தோரும் தம் பொருள்களின் நிறபேதம் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும், படச்சுருள் திருத்தம் பெற ஒரு காரணமாயிற்று என்கிறது அவர் ஆய்வு. மரத்துக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த செவி மனிதமுகத்துக்கு அவ்வளவு விரைவில் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் இளைஞன் வேறு வழியை நாடினான். காட்சி முழுவதையும் விட்டு, நடுப்புள்ளியில் உள்ள ஒளியை மட்டும் அளக்கும் முறைக்குக் கருவியை மாற்றி, அப்புள்ளியைத் தாயின் முகத்தில் வைத்தான். இம்முறை உப்பு கண்ணைப் பறிக்கும் வெறும் வெள்ளையாகக் கரைந்தது. முகமோ, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. ஏனெனில் கருவி இப்போது அந்தக் கரிய முகத்தைச் சாம்பலின் அளவுக்கு உயர்த்த முயன்றிருந்தது. தாய் வாய்விட்டுச் சிரித்தார். “இது யாருல? உங்க பெரியம்மை மாதிரி இருக்கு” என்றார். ஒரு வாரம் காணாமற்போனவர், மறுவாரம் வேறொருவராகத் திரும்பி வந்திருந்தார்.

சோர்ந்துபோன அவன், படங்களை எடுத்துக்கொண்டு பழைய நிலையத்துக்குச் சென்றான். உரிமையாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மீட்டரைப் பார்க்காதே, வெயிலைப் பார் என்றார். படச்சுருள் காலத்தவர் கைக்கொண்ட ஒரு கணக்கை அவர் சொன்னார். தெளிந்த வானில் வெயில் நன்கு காயும் பொழுதில், அபர்ச்சர் என்னும் லென்ஸ் துளையை எஃப் 16இல் வைத்தால், ஷட்டரின் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குத் தலைகீழாக இருக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் விநாடியில் 100இல் ஒரு பங்கு. இக்கணக்குப் பொருளிலிருந்து திரும்பும் ஒளியை அளப்பதில்லை. பொருளின்மேல் விழும் ஒளியைக் கருதுகிறது. கரிய முகத்தின் மீதும் வெண்ணிற உப்பின் மீதும் விழுவது ஒரே வெயில்தான். ஆகவே உப்பு வெள்ளையாகவே நிற்கும். முகம் தன் நிறத்திலேயே நிற்கும்.

இதனைப் பிடித்துக்கொண்ட பின்பே, கேமராவின் எண்கள் அவனுக்குப் பேசத் தொடங்கின. துளையின் எண் சிறிதானால் துளை பெரிதாகும் என்னும் தலைகீழ் வழக்கு புதியவரை முதலில் குழப்பும். 16, 11, 8, 5.6 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் உள்ளே வரும் ஒளி இருமடங்காகும். அதற்கு ஈடாக ஷட்டரை இருமடங்கு விரைவாக்கினால் வெளிச்சம் மாறாது. எஃப் 16இல் 100இல் ஒரு பங்கும், எஃப் 8இல் 400இல் ஒரு பங்கும் ஒரே அளவு ஒளியைத்தான் தரும். ஆனால் படம் ஒன்றாயிராது. துளை விரிந்தால் பின்னணி மங்கி ஆள் தனித்து நிற்பார். ஷட்டர் விரைந்தால் இழுபடும் பலகையின் முன் தெறிக்கும் நீர்த்துளி உறைந்து நிற்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் மங்கிய ஒளியிலும் படம் கிடைக்கும். கூடவே மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் வரும். கணக்கு அவ்வளவே. பழகுவதற்குத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

இடையே ஒரு விபத்து. ஆவணியில் ஒருநாள், உப்புக்காற்று வீசிக்கொண்டிருக்கையில் வரப்பில் நின்றவாறே அவன் லென்ஸைக் கழற்றி மாற்றினான். உள்ளே தூசு விழுந்ததைக் கண்டு வாயால் ஊதினான். ஊதியதில் எச்சில் தெறித்து, உணரியின் மேலுள்ள மெல்லிய கண்ணாடியில் படிந்தது. அன்று எடுத்த படங்களிலெல்லாம் வானில் காக்கைகள் பறப்பதுபோல் கரும்புள்ளிகள். துளையைச் சுருக்கச் சுருக்க அவை தெளிவாயின. துடைத்துத் தருவதற்கு நிலைய உரிமையாளர் பணம் வாங்கவில்லை. ஆனால் அரைமணி நேரம் கடிந்துகொண்டார். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவும், கேமராவின் வாயைத் தரைநோக்கிப் பிடித்து லென்ஸை மாற்றவும், ரப்பர் ஊதி ஒன்றை வைத்துக்கொள்ளவும், வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வைக்கவும் அவன் கற்றது அன்றுதான். கடற்கரை ஊர்களில் ஈரம் லென்ஸின் உள்ளே பூஞ்சையாகப் படரும்.

கேமராவைக் காட்டிலும் கடினமாக இருந்தது மனிதர்களின் கூச்சம். அவன் கேமராவைத் தூக்கியதும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு விறைத்து நின்றார்கள். அட்டைகளுக்காக மட்டுமே படமெடுக்கப் பழகிய உடல்கள் வேறெப்படி நிற்கும்? முகம் பெரிதாக வரவேண்டுமென்று 18 மில்லிமீட்டரில் மிக அருகே சென்று எடுத்தபோது, மூக்கு பருத்து, காதுகள் ஒடுங்கி, பார்க்கவே பொருந்தாமல் இருந்தது. நான்கடி பின்வாங்கி 55 மில்லிமீட்டரில் எடுத்தால் முகம் முகமாக இருந்தது. பின்வாங்கி நின்றதில் வேறொரு பயனும் விளைந்தது: அவர்கள் அவனை மறந்தார்கள். சில ஞாயிறுகள் அவன் கேமராவை வெளியே எடுக்காமலே, உப்புப் பெட்டியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றான்.

புரட்டாசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கதிரவன் எழுந்து முக்கால் மணி ஆகியிருந்தது. உச்சிவெயில் கண்குழிகளில் நிழலை ஊற்றும். காலை வெயில் பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவும். வெயில் படாத மறுபாதி முகத்துக்குக் கீழேயிருந்து உப்பே வெளிச்சம் காட்டியது. மண நிலையங்களில் வெள்ளைத் துணி பிடித்துச் செய்யும் வேலையை அங்கே பாத்திகள் செய்தன. முதல் நாள் அந்த முகத்தை இருளில் தள்ளிய அதே வெண்மை அது. காலை வெயில் நண்பகல் வெயிலைவிட மெலிந்தது என்பதால் அதற்கேற்பத் துளையையும் ஷட்டரையும் தளர்த்தினான். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, விநாடியில் 250இல் ஒரு பங்கு. தாய் வாருபலகையை இழுத்து வந்து, நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். அந்தக் கணத்துக்குச் சற்று முன்பு அவன் அழுத்தினான். பார்வைத்துளை இருண்டு திறந்தது.

8க்கு 12 அங்குலத்தில் அச்சிட்டுத் தந்தபோது, நிலைய உரிமையாளர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூலையில் மேகங்கள் இருந்த இடம் வெறும் வெள்ளையாய்ப் போயிருந்தது. “வானம் போயிருச்சே, தம்பி” என்றார். “போகட்டும், அண்ணாச்சி” என்றான் அவன்.

வீட்டில் தாய் அதை விளக்கின் கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார். தம் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்து, படத்திலிருந்த கையின் அருகே வைத்து ஒப்பிட்டார். பெருவிரலில் பழைய வெடிப்பு இரண்டிலும் இருந்தது. பின்பு, படத்தின் ஓரத்தில் பாதி மங்கலாகக் குனிந்து நின்ற பெண்ணைச் சுட்டிக்காட்டினார்.

“இவளையும் ஒண்ணு எடுத்துருய்யா. மழைக்கு முன்னாடி.”

வெளியே கீழ்க்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. அவன் டப்பாவைத் திறந்து பேட்டரியை எடுத்து மின்னேற்றியில் மாட்டினான்.