தொட்டி மீனும் அதன் நோயும்

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தைச் சொல்லுகிறான். ஆடும் மாடும் கதறியேனும் உணர்த்துகின்றன. மீனுக்கோ அவ்வழியும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் அது படும் அல்லலைக் காண்பவரே கண்டறிதல் வேண்டும். ஆதலின், மீன் வளர்ப்போர்க்கு முதற்கண் வேண்டுவது மருந்தன்று. பொறுமையோடு நோக்கும் கண்ணே.

செஞ்சியில் எம் இல்லத்துக் கூடத்தில் இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர். இரண்டு சிறு பொன்மீன்கள். நான்கு கறுப்பு மோலிகள். ஒரு மழைக்காலத்தில், குளிர் மிகுந்த சில நாட்களுக்குப் பின், மோலி ஒன்று செதில்களை ஒடுக்கிக்கொண்டு, கல்லில் உடலை உராய்ந்து உராய்ந்து திரிவதைக் கண்டோம். மறுநாள் அதன் கரிய மேனியில் உப்புத்தூள் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின.

செய்தியறிந்து வந்த உறவினர் ஒருவர், "கடையில் உள்ள மருந்துகளையெல்லாம் சிறிது சிறிது ஊற்றுங்கள், ஏதாவதொன்று பிடிக்கும்" என்றார். மற்றொருவர், "பத்து ரூபாய் மீனுக்கு இத்தனை பாடா? கோட்டைக்குள் செட்டிகுளத்தில் விட்டுவிடுங்கள், பிழைத்தால் பிழைக்கட்டும்" என்றார். இருவர் சொல்லும் அன்பினால் எழுந்தனவே. எனினும் இரண்டையும் யாம் கொள்ளவில்லை. அதன் காரணத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மீனின் நோயை ஆராய்வார் முதலில் நீரை ஆராய்தல் வேண்டும். மீன் தான் வாழும் நீரிலேயே கழிவையும் விடுகின்றது. அக்கழிவினின்று தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகையின நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பதை 1877ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து அறிஞர் சுலோசிங், முண்ட்சு என்போர் காட்டினர். தொட்டியையும் வடிகட்டியையும் ஒருசேரத் தேய்த்துக் கழுவினால் இந்நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு பெருகும். அப்போது மீன்கள் யாவும் ஒருங்கே நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும். அதற்கு மருந்து, நீரை ஓரளவு மாற்றுவதேயன்றி வேறில்லை. யாம் துளிச்சோதனை செய்து பார்த்ததில் எம் தொட்டி நீரில் அம்மோனியா தென்படவில்லை. ஆதலின் குற்றம் நீரினதன்று எனத் தெளிந்தோம்.

பிறகு உடலை நோக்கினோம். பொன்மீன் ஒன்றின் செவுள் மூடியிலும் வெண்புள்ளிகள் இருந்தன. ஆயினும் அது உராயாமல், ஊக்கத்தோடு இரையுண்டு திரிந்தது. புள்ளிகளும் செவுள் மூடியிலும் மார்புச் செதிலின் முன்விளிம்பிலும் மட்டுமே ஒழுங்காக அமைந்திருந்தன. அவை இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனுக்கு இயல்பாகத் தோன்றும் பருக்கள், நோயல்ல. மோலிக்கு வந்ததோ வெண்புள்ளி நோய். ஒன்றுபோலத் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதை அச்சிறு தொட்டியே எமக்குக் கற்பித்தது.

இந்நோய்க்குக் காரணமான ஓரணு உயிருக்கு 1876ஆம் ஆண்டில் பூக்கே என்பார் இக்தியோப்திரியசு மல்டிபிலிசு எனப் பெயரிட்டார். 'பல மக்களையுடைய மீன்பேன்' என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப அது மீனின் தோலுக்கடியில் உண்டு வளர்ந்து, பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறையிட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளவுபடுகின்றது. அக்குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிடின் மடியும். தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதனை அணுகாது. நீந்தித் திரியும் அச்சிறு பொழுதே அதனை வெல்லும் காலம். ஆகவே ஒரு நாள் மருந்திட்டு ஓய்வது பயனற்றது. பலவற்றைக் கலந்திடுவதோ மீனுக்கே கேடு.

யாம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 100 கிராம் கல்லுப்பை எடுத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகக் கரைத்து விட்டோம். நீரின் வெப்பத்தை மெல்ல உயர்த்தி 28 பாகையில் நிறுத்தினோம். வெப்பம் மிகின் அவ்வுயிரின் வாழ்க்கைச் சுழற்சி விரையும். வெந்நீரில் உயிர்வளி குறையுமாதலால் காற்றுக்குழாயை இடைவிடாது ஓட்டினோம். நாள்தோறும் அடிக்கசடோடு கால்பங்கு நீரை எடுத்து, ஒருநாள் திறந்து வைத்த நீரை, அதற்கேற்ற உப்புச் சேர்த்து ஊற்றினோம். மூன்றாம் நாள் முதலில் நோயுற்ற மோலி இறந்தது. வீட்டுச் சிறார் அழுதனர். எஞ்சிய ஐந்தும் பிழைத்தன. புள்ளிகள் மறைந்த பின்னும் ஒரு வாரம் இம்முறையை விடவில்லை.

இனிச் செட்டிகுளத்தின் செய்தி. இவ்வெண்புள்ளி நோய் வண்ணமீன்களை மட்டும் பற்றுவதன்று. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றையும் பற்றவல்லது. ஒரு நோய் நீர்வழிப் பரவினால் என்னாகும் என்பதை நம் நாடு கண்டதுண்டு. 1988ஆம் ஆண்டில் வடகிழக்கு இந்தியாவில் தோன்றிய புண்நோய், விரால் முதலிய மீன்களை அழித்துப் பல மாநிலங்களுக்கும் பரவியது. மீனை வாங்க மக்கள் அஞ்சினர். மீனவர் வருவாயிழந்து வருந்தினர். தொட்டிக்கு அழகென வாங்கப்பெற்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகியிருப்பதையும் அறிவோம். ஆதலின் யாம் இறந்த மீனைத் தோட்டத்தில் ஆழப் புதைத்தோம். கழிநீரை வறண்ட மண்ணில் ஊற்றினோம். வலையை வெயிலில் உலர்த்தினோம்.

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. இராசகிரியின் மதில்களைக் காண்பதற்கு வருவோர் பலர். அம்மலையடியில் செட்டிகுளமும் சக்கரகுளமும் தாங்கி நிற்கும் நீரும் முன்னோர் வைத்த செல்வமே. மீன் வளர்க்கும் நண்பர்காள்! புதிய மீனைச் சில வாரம் தனித்து வைத்துப் பாருங்கள். நோயுறின் நீரையும் உடலையும் நோக்கிய பின்னரே மருந்தைத் தொடுங்கள். எந்நிலையிலும் உங்கள் தொட்டி மீனை ஊர்க் குளத்தில் விடாதீர்கள். தொட்டி நம்முடையது, குளமோ ஊரார் அனைவருக்கும் உரியது.