யாரோ நினைக்கிறாங்க!

சாப்பிடும்போது புரையேறினால், அம்மா உச்சந்தலையில் தட்டி, "யாரோ ஒன்னை நெனைக்கறாங்கடா" என்பாள். யாராயிருக்கும் என்று எனக்கு ஒரு வாரம் கற்பனை ஓடும்.

நிஜக் காரணம், மீன்! ஆதிகால மீனின் உணவுப் பாதையில் புடைத்த பைதான் பிற்பாடு நம் நுரையீரலாச்சு. அதனால் மூச்சுக்குழாயின் வாசல் இன்னமும் சோறு போகிற வழியிலேயே திறக்கிறது. ஒவ்வொரு கவளமும் அதைத் தாண்டித்தான் போகணும். இந்த விசித்திரத்தை 1859-லேயே டார்வின் எழுதிவிட்டார். விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, ஒரு மூடி கவிழ்கிறது. அந்த நேரம் பார்த்துச் சிரித்தால் போச்சு.

போன மாசம் ஆபீஸ் கேன்டீனில் நண்பர் ஒருவர், வாயில் வடை, கூடவே ஜோக். திடீரென்று பேச்சில்லை, இருமல்கூட இல்லை. கை தொண்டையில். யாரோ தண்ணீர் நீட்ட, "குடுக்காதீங்க சார்!" என்று அட்டெண்டர் பாய்ந்து வந்தார். குனியவைத்து முதுகில் அஞ்சு அறை. அசையவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்ளுக்கும் மேலுக்குமாக ஒரே அமுக்கு. வடை எதிர் டேபிளில்!

மூச்சு வந்ததும் நண்பர் கேட்டார்: "ஜோக்கை எங்கே விட்டேன்?"