எந்தத் தலைக்கு அபராதம்

சென்னையில் சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம், யார் யாருடைய ஹெல்மெட் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சிலருக்குத் தலையில். சிலருக்குப் பெட்ரோல் டேங்கின் மேல். சிலருக்கு முழங்கையில், வளையல் மாதிரி. ஸ்கூட்டர்க்காரர்கள் இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கி வைத்திருப்பார்கள். சைடு மிரரில் தொங்குவதும் உண்டு. தூரத்தில் போக்குவரத்துக் காவலரின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் ஒரு கை ஹேண்டில்பாரை விடும். ஓடுகிற வண்டியிலேயே ஹெல்மெட் தலைக்கு ஏறும். தாடைப் பட்டையை மாட்டுவதில்லை. அவரைத் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு இறங்கிவிடும்.

காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை சுமக்கிறார்கள். தலையில் வைக்க மட்டும் மனம் வரவில்லை. என் அக்கா மகனிடம் ஒருநாள் கேட்டேன். "போலீஸ் எங்க நிப்பாங்கன்னு தெரியும் மாமா, அங்க போட்டுக்குவேன்" என்றான். "லாரி எங்க வரும்னும் தெரியுமாடா?" என்றேன். பதில் இல்லை. அவன் பொறுப்பில்லாதவன் அல்ல, ஒரு குழந்தைக்குத் தகப்பன். சாலையைப் பார்த்து வரவேண்டிய பயம் அவனுக்குக் காவலரைப் பார்த்து வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பயம் எப்படி இடம் மாறியது என்பது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரின் ஞாபகம் வரும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தால் நம் ஊர்க்காரர்களுக்கும் தெரிந்த டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு தந்தி கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. பாலைவனப் போரில் பிழைத்து வந்த மனிதர் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் விழுந்து, ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, 46 வயதில் இறந்துபோனார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை கற்றவர். அத்தனை படித்தும் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. விளக்கணைத்த சாலைகளில் ராணுவச் செய்திகளைச் சுமந்துகொண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள், விழுந்தார்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் வண்டி ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 2,279 பேர் சாலை விபத்துகளில் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம். ஹெல்மெட் அணிந்து அடிபட்டவர்கள் என்று அவர் பார்த்ததே ஏழு பேர்தான். ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். 1941-ல் இதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில், பணியில் இருக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர்கள் எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் ஆணையிட்டது. அதோடு அவர் விட்டுவிடவில்லை. ஹெல்மெட்டோடு விபத்தில் சிக்கிய 106 பேரைப் பற்றி 1943-ல் மறுபடி எழுதினார். ஹெல்மெட் எங்கே அடி வாங்கியது, உள்ளே தலைக்கு என்ன ஆனது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆணைக்குப் பிறகு சாவு குறைந்ததை 1946-ல் இன்னொரு கட்டுரையில் காட்டினார்.

இந்த வரிசைதான் என்னைக் கட்டிப்போடுகிறது. ஒரு நோயாளியின் படுக்கையில் தொடங்கி, கணக்குக்குப் போய், காரணத்தைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே அதிகாரத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். ஆணை பிறந்த பிறகும், அது பலித்ததா என்று போய்ப் பார்த்திருக்கிறார்.

ராணுவத்தில் சட்டென்று நடந்தது பொதுமக்களிடம் நடக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டனில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று ஆனது 1973-ல். எதிர்த்தவர்களில் பிரெட் ஹில் என்ற முதியவரை என்னால் மறக்க முடியவில்லை. போர்க்காலத்தில் அவரே மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோனவர், பிறகு கணக்கு ஆசிரியர். என் தலை, என் முடிவு என்று பெரே தொப்பியோடு வண்டி ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்தார். மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார். 1984-ல் லண்டன் பென்டன்வில் சிறையில் 74 வயதில் இறந்தார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. கெய்ர்ன்ஸின் கணக்குக்கு அவரிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் ஹெல்மெட்டை டேங்கில் வைத்துக்கொண்டு காவலரைக் கண்டதும் போட்டுக்கொண்டவர் அல்ல. தன் முடிவுக்கு என்ன விலையோ அதைப் பகிரங்கமாகக் கொடுத்தார். அவரோடு ஒருவர் உட்கார்ந்து வாதாடலாம். என் அக்கா மகனோடு வாதாட முடியவில்லை. ஹெல்மெட் நல்லது என்று அவனும்தான் சொல்கிறான்.

நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவிலேயே ஹெல்மெட் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது அவ்வப்போது விழித்து, மறுபடி தூங்கிவிடும். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சொன்னபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலை ஏறியது, நடைபாதையெல்லாம் ஹெல்மெட் குவிந்தது. 2022 அக்டோபரில் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. ஒவ்வொரு முறையும் ஊருக்குத் தெரிந்த செய்தி தேதியும் தொகையும்தான். மண்டை ஓட்டுக்குள் மூளை எப்படிக் குலுங்குகிறது, கழன்று விழும் ஹெல்மெட் ஏன் உதவாது, பட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதே அக்கறையோடு நம் வீட்டு வாசலுக்கு வந்து யாரும் சொல்லவில்லை.

அதனால் நேர்ந்ததைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தச் சாலைக்கும் போகலாம். ஒரே வண்டியில் ஒரு குடும்பம். ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட். பின்னால் அம்மா தலையில் மல்லிகைப்பூ. நடுவில் மூத்தது, முன்னால் சின்னது, இரண்டுக்கும் வெறுந்தலை. அந்த அப்பா பிள்ளைகளுக்காக உயிரையும் கொடுப்பார், எனக்குச் சந்தேகமில்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஆனால் அந்த வண்டியில், எந்தத் தலைக்கு அபராதம் விழும் என்று தெரியுமோ அது மட்டும் மூடியிருக்கிறது. காவலர்கள் பின்னிருக்கையையும் பிடிக்கத் தொடங்கிய பிறகு சில இடங்களில் அம்மாவுக்கும் ஹெல்மெட் வந்திருக்கிறது. பிள்ளைகள் இன்னும் கணக்கில் வரவில்லை. எனக்கு மனம் பதறுவது இங்கேதான். ஒரு வீட்டில் யாருடைய தலை முக்கியம் என்பதை ரசீதுப் புத்தகம் தீர்மானிக்கக் கூடாது.

'என் தலை' என்கிற வாதம் அரசு மருத்துவமனையின் தலைக்காயப் பிரிவுக்கு வெளியே ஒரு மணி நேரம்கூட நிற்காது. அங்கே தரையில் துண்டை விரித்துக் காத்திருப்பவர்களில் யாரும் வண்டி ஓட்டியவர் இல்லை. 2008 செப்டம்பரில் சென்னைக்குத் தெற்கே, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் பதின்வயது மகன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவனுடைய உறுப்புகளைப் பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். எந்த ஆணையும் அவர்களை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் செய்தி தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் மனத்தை மாற்றியது. அதே ஆண்டில் அரசு செய்தது, மூளைச்சாவை உறுதி செய்வதற்கும் உறுப்புகளை முறையாகப் பகிர்வதற்கும் விதிகளை ஒழுங்குபடுத்தியது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023-ல் முதலமைச்சர் அறிவித்தார். அதிகாரமும் தனிமனிதரின் முடிவும் ஒன்றையொன்று மதித்து நடந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் இதில்தான் பார்த்தேன். கூடவே ஒரு வலியும் இருக்கிறது. அப்படித் தானம் தந்தவர்களில் பலர் சாலையில் தலையில் அடிபட்டு வந்தவர்கள்.

புது இருசக்கர வண்டி விற்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட் ஒன்றையும் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. ஷோரூமில் அது சீட் கவருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நடுவில் பில்லில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. ஆனால் வண்டியை வெளியே எடுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பாருங்கள். மாலை போடுகிறார்கள், சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிக் கும்பிடுகிறார். சாலையைப் பற்றிய நிஜமான பயம் அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது, அன்றைக்கு முழுசாக இருக்கிறது. அப்போது அவர்களோடு பேச ஒரு ஆள் வேண்டும். பட்டையை மாட்டிக் காட்டி, விரல் விட்டு இறுக்கம் பார்த்து, பின்னால் உட்காருபவருக்கு எந்த அளவு, பிள்ளைக்கு எந்த அளவு என்று எடுத்துக் கொடுக்கிற ஆள். அபராதத் தொகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம்.