தட்டில் தேங்கிய பச்சை

ஜனவரி 4, ஞாயிறு. குன்னூர்

பானெட்டைத் திறந்ததும் கண் நேராகக் கூலண்ட் டப்பாவுக்குப் போயிற்று. பச்சை நீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. போன ஞாயிறுதான் மேல்கோடு வரை ஊற்றினேன். இடையில் மேட்டுப்பாளையத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறியதும் ஊருக்குள் சில்லறை ஓட்டமும்தான். 150 கிலோமீட்டர் தேறாது. அரை லிட்டர் காணோம். கார் நிற்கும் சிமென்ட் தரையிலோ ஒரு சொட்டுக் கறை இல்லை.

அப்பா 2004இல் வாங்கிய டீசல் கார் இது. இப்போது 1,86,000 கிலோமீட்டர். அவர் ஞாயிறுதோறும் ஆயில், தண்ணீர், பெல்ட் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில்தான் நானும் தொடர்ந்து எழுதிவருகிறேன்.

கல்லாறிலிருந்து பல்சக்கரப் பாதையில் ஏறும் மலை ரயிலின் நீராவி எஞ்சின், ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடிக்கும். தண்ணீரைச் செலவழித்துத்தான் அது மலையேறும். காருக்கு அந்தக் கணக்கு இல்லை. உள்ளே ஊற்றிய ஏழு லிட்டரும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 5, திங்கள்

பக்கத்து ஒர்க் ஷாப்பில் காட்டினேன். காலை ஸ்டார்ட்டில் வந்த வெள்ளைப் புகையைப் பார்த்தவுடனே, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். வேண்டாமென்றால் லீக் அடைக்கும் பவுடர் போட்டு ஓட்டலாமாம்.

இரண்டுக்கும் தலையாட்ட மனம் வரவில்லை. ஜனவரிக் குளிரில் இந்த ஊரில் எந்தப் பழைய டீசல் வண்டிதான் வெள்ளையாகப் புகைக்காது? கொஞ்சம் ஓடிச் சூடானதும் அடங்கிவிட்டால் அது குளிரின் புகை. என் வண்டியில் பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பவுடருக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது, எல்லாவற்றையும் அடைக்கும். காரணம் தெரியாமல் எஞ்சினைப் பிரிப்பதும், காரணத்தை மூடி மறைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

ஜனவரி 7, புதன்

இன்று நானே பார்த்தேன். ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் இல்லை. கால்மிதி உலர்ந்தே இருக்கிறது. ஹீட்டர் போட்டாலும் இனிப்பு வாடை வரவில்லை, கண்ணாடியில் பிசுபிசுப்பும் படியவில்லை. எனவே ஹீட்டர் கசியவில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். குமிழி வரவில்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மேல் ஹோஸ் கிளிப்பருகே உப்பியிருக்கிறது, ஆனால் ஈரமில்லை.

மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறது. இதைச் சின்ன விஷயமென்று விட முடியாது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். குன்னூர் 1,850 மீட்டர். இங்கே வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 90 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும், தண்ணீரில் கூலண்டின் கிளைக்கால் கலந்திருப்பதாலும்தான் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. சமவெளியில் பொறுத்துப்போகிற கசிவு மலையில் ஹெட்டையே வளைத்துவிடும்.

ஆனாலும் மூடியால் மட்டும் வாரம் அரை லிட்டர் போகுமா?

ஜனவரி 9, வெள்ளி

வெல்லிங்டன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அப்பாவின் காலத்து மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "முதல்ல கண்ணால பார்ப்போம் சார், அப்புறம் ஸ்பேனரை எடுப்போம்" என்றார்.

ரேடியேட்டர் வாயில் நீல மருந்துக் குழாயை வைத்து எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் மருந்து நிறம் மாறும். மாறவில்லை. கேஸ்கட் பயம் அங்கேயே தீர்ந்தது. எஞ்சின் ஆறியதும், அதே வாயில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி ஒரு பார் அழுத்தம் ஏற்றினார். "ராத்திரி இங்கேயே நிக்கட்டும். சூட்டுல மூடிக்கிற கசிவு குளிர்லதான் வாயைத் திறக்கும்."

ஜனவரி 10, சனி

காலையில் மீட்டர் முள் பாதிக்குக் கீழே. பாய் வண்டியைத் தூக்கி எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். தட்டின் மூலையில், இலைச்சருகோடும் சேற்றோடும் பச்சை நீர் தேங்கியிருந்தது! தரை உலர்ந்தே இருந்ததன் காரணம் இதுதான். எத்தனை மாதமாக அங்கே சொட்டி, ஓடும் சூட்டில் பாதி உலர்ந்து, மீதி தேங்கிக் கிடந்ததோ.

கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலே தேடினார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து வெளிறிய பச்சைக் கோடு உப்புப் பூத்து இறங்கியிருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று வைத்த துளை அது. பம்ப் தன்னால் முடிந்தவரை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 2015, 1,12,000 கிலோமீட்டர்: "டைமிங் பெல்ட் புதிது. பம்ப் நன்றாக உள்ளது, விட்டோம்." அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட்தான். சீல் முற்றிலும் போய் பேரிங் இறுகியிருந்தால் பெல்ட் அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கும். நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது.

ஜனவரி 12, திங்கள்

பம்ப், பெல்ட், டென்ஷனர், மேல் ஹோஸ், மூடி எல்லாம் புதிது. பாய் டைமிங்கைப் பின் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் பழைய பெல்ட்டைக் கழற்றினார். பழைய தண்ணீரை வடித்தபோது துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தன. இரண்டு தடவை வழியில் போர்வெல் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். அதை அவரிடம் சொன்னேன். தெளிவாக வரும்வரை கழுவினோம். பிறகு பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்.

ஏர் லாக் எடுப்பதில் அவர் காட்டிய பொறுமையை மறக்க முடியாது. ஹீட்டர் முழுச் சூட்டில், காற்றுத் திருகு திறந்து, குமிழியின்றி நீர் வரும்வரை காத்திருந்தார். தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அடையாளமாக மேல் ஹோஸ் சுட்டது. ஆறியபின் மறுபடி ஊற்றினார்.

வடித்த தண்ணீரை மூடி போட்ட கேனில் ஊற்றித் தரையையும் கழுவிவிட்டோம். அது இனிக்கும், பட்டறை வாசல் நாய்கள் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கலுக்கு வரும் மகளைக் கோவை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன். கல்லாறு தாண்டியதும் கண் டெம்பரேச்சர் முள்ளிலேயே இருந்தது. பர்லியாறு, காட்டேரி, கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் முள் நடுவை விட்டு அசையவில்லை. "என்னப்பா, ரோட்டைப் பார்க்காம மீட்டரையே பார்க்கறீங்க?" என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை 6:40. டப்பாவில் நீர் மேல்கோட்டில். பம்பின் துளை உலர்ந்திருக்கிறது. தட்டைக் கழுவி மாட்டினேன். நோட்டில் அப்பாவின் வரிகளுக்குக் கீழே எழுதினேன்: "1,86,420. பம்ப், பெல்ட் இரண்டும் மாற்றியாயிற்று."